விவாதம்: ஐரோப்பிய ஜெட் விமானங்கள் ஒற்றுமையால் வளர்ந்தனவா, பங்குச் சண்டையைத் தாண்டி வளர்ந்தனவா?

கணக்கன்

சென்ற வாரம் இங்கே ஒரு நண்பர், "ஏர்பஸ் ஐரோப்பிய ஒற்றுமை பெற்றெடுத்த பிள்ளை. ஒன்றன் மேல் ஒன்று குண்டு போட்ட நாடுகள் கைகோத்தால் என்ன விளையும் என்பதற்கு அதுவே சாட்சி" என்று எழுதியிருந்தார். பலர் ஆமோதித்தார்கள். நான் மறுக்கிறேன். அதற்காகவே இந்த இழை.

அந்த நாடுகள் அன்பினால் சேரவில்லை. அமெரிக்காவின் போயிங்கும் டக்ளஸும் தங்களை விழுங்கிவிடும் என்ற பயத்தில் சேர்ந்தன. சேர்ந்த பிறகும் ஒவ்வொரு ஆணிக்கும் பங்கு கேட்டு மல்லுக்கட்டின. செலவோ, வரி கட்டியவன் தலையில் விழுந்தது.

ஒலியை மிஞ்சும் வேகத்தில் பறந்த கான்கார்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1962 நவம்பர் 29 அன்று பிரிட்டனும் பிரான்சும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில், ஒரு நாடு தன் விருப்பப்படி விலகிக்கொள்ள வழியே வைக்கவில்லை. கூட்டாளி பாதி வழியில் கைகழுவிவிடக் கூடாதே என்ற சந்தேகம் அந்தக் காகிதத்திலேயே எழுதப்பட்டிருந்தது. 1964இல் ஆட்சிக்கு வந்த ஹெரால்டு வில்சன் அரசு திட்டத்தைக் கைவிடப் பார்த்தது. பிரான்ஸ் சர்வதேச நீதிமன்றத்துக்குப் போனால் பெரும் இழப்பீடு கொடுக்க நேரும் என்று தெரிந்ததும் பின்வாங்கியது. மனமில்லாமல் தொடர்ந்த கூட்டு அது.

கட்டியது மொத்தமே 20 விமானங்கள். அதற்குப் பொருத்தும் கூடங்கள் இரண்டு, துலூஸில் ஒன்று, பிரிஸ்டலை ஒட்டிய ஃபில்டனில் ஒன்று. 1969 மார்ச் 2 அன்று துலூஸில் முதல் விமானம் எழும்பியது. ஃபில்டன் தன்னுடையதை ஏப்ரல் 9 அன்று எழுப்பியது. பெயரில்கூட இழுபறி நடந்தது. பிரெஞ்சில் அந்தச் சொல்லின் இறுதியில் 'இ' என்ற எழுத்து உண்டு, ஆங்கிலத்தில் கிடையாது. பிரெஞ்சு அதிபர் டிகால் தன்னை மதிக்கவில்லை என்று கோபப்பட்ட பிரிட்டிஷ் பிரதமர் மேக்மில்லன் அந்த எழுத்தை எடுக்கச் சொன்னார். 1967இல் துலூஸில் விமானத்தை வெளியே இழுத்துக் காட்டிய நாளில் பிரிட்டிஷ் அமைச்சர் டோனி பென் அதைத் திரும்பச் சேர்த்தார்.

தொடக்கத்தில் சொன்ன மதிப்பீடு 15 முதல் 17 கோடி பவுண்டு. முடிவில் 100 கோடியைத் தாண்டியது. பயணிகள் சேவைக்கு வந்தவை 14. வைத்திருந்தவர்கள் பிரிட்டிஷ் ஏர்வேஸும் ஏர் பிரான்சும் மட்டுமே, அதாவது செலவழித்த இரண்டு அரசுகளின் சொந்த நிறுவனங்கள். இதை ஒற்றுமையின் வெற்றி என்று என்னால் சொல்ல முடியாது.

எல்பேக்கரை

கான்கார்ட் ஒன்றை மட்டும் வைத்து அறுபது ஆண்டுகளை எடைபோடுகிறீர்கள் கணக்கன்.

நான் ஹாம்பர்க்கில் வசிக்கிறேன். எல்பே ஆற்றின் வடகரையில் டொய்ஃபெல்ஸ்ப்ரூக் என்ற படகுத்துறை இருக்கிறது. அங்கே நின்றால் எதிர்க்கரை முழுவதும் ஃபின்கன்வெர்டர் ஏர்பஸ் ஆலைதான். மாலை நேரத்தில் ஆற்றுக்கு மேலே தாழ்ந்து வரும் பெலூகா சரக்கு விமானத்தைப் பார்க்கும்போது இன்னும் எனக்கு மூச்சு நிற்கிறது. முதுகு திமிங்கிலத்தின் நெற்றி போலப் புடைத்திருக்கும். அவ்வளவு பெரிய உருவம் எப்படி இவ்வளவு மெதுவாக இறங்குகிறது என்று தோன்றும். ஆலையைச் சுற்றிக் காட்டும் பயணத்தில் ஒருமுறை உள்ளே போனேன். பச்சைப் பூச்சோடு ஓர் உடற்பகுதி நின்றுகொண்டிருந்தது. அதன் முன்பகுதி பிரான்சின் சான் நசேரிலிருந்து வந்தது. இறக்கை வேல்ஸின் ப்ராட்டனிலிருந்து. வாலின் கிடைப்பகுதி ஸ்பெயினின் ஹெட்டாஃபேயிலிருந்து. நிமிர்ந்து நிற்கும் வால் எங்கள் பக்கத்து ஊர் ஸ்டாடேயிலிருந்து. நான்கு நாட்டுக்காரர்கள் நான்கு இடங்களில் போட்ட துளைகள் ஒன்றோடொன்று பொருந்துகின்றன. அந்தக் கூடத்தில் நின்றபோது ஒற்றுமை என்ற சொல் எனக்கு வெறும் மேடைப் பேச்சாகத் தோன்றவில்லை.

தனித்தனியாக நின்ற காலத்தில் இவர்கள் சாதித்தது என்ன? பிரிட்டனின் பிஇஏ விமான நிறுவனம் கேட்டது என்பதற்காக 1959இல் ட்ரைடென்ட் விமானத்தைச் சிறிதாக்கினார்கள். மொத்தம் 117 கட்டினார்கள். அதே வகையைச் சேர்ந்த போயிங் 727 விமானம் 1,832. இன்னொரு பிரிட்டிஷ் விமான நிறுவனமான பிஓஏசிக்காகச் செய்த விசி10 விமானம் 54. பிரான்சில் டசோ செய்த மெர்க்யூர் 12. இந்தக் கணக்கையும் உங்கள் ஏட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

கணக்கன்

எழுதிக்கொள்கிறேன், ஒரு திருத்தத்தோடு. மெர்க்யூர் தனி முயற்சி கிடையாது. டசோ தலைமை தாங்கினாலும் இத்தாலி, ஸ்பெயின், பெல்ஜியம், ஸ்விட்சர்லாந்து நாடுகளின் நிறுவனங்கள் வேலையையும் ஆபத்தையும் பங்கு போட்டுக்கொண்டன. ஐந்து நாடுகள் சேர்ந்தும் வாங்க வந்தது பிரான்சின் உள்நாட்டு விமான நிறுவனமான ஏர் இன்டர் ஒன்றுதான். பறக்கக்கூடிய தூரம் குறைவு, பிரான்சுக்கு வெளியே யாருக்கும் அது உதவவில்லை.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஹாலந்தின் ஃபோக்கரும் ஜெர்மனியின் விஎஃப்டபிள்யூவும் 1969இல் ஒரே நிறுவனமாக இணைந்தன. எஞ்சினை இறக்கைக்கு மேலே நிறுத்திய விஎஃப்டபிள்யூ 614 என்ற ஜெட் அந்தக் காலத்தில் வந்தது. 19 விமானங்களோடு முடிந்துபோனது. 1980இல் இரு நிறுவனங்களும் பிரிந்தன. கூட்டு என்பதே மருந்து என்றால் இந்த நோயாளிகள் ஏன் பிழைக்கவில்லை?

எல்பேக்கரை

மெர்க்யூரைத் தவறான பட்டியலில் வைத்துவிட்டேன், ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் அதனால் உங்கள் வாதமும் நிற்கவில்லை. பங்குச் சண்டைதான் கெடுத்தது என்றீர்கள். மெர்க்யூரில் சண்டையே இல்லை, டசோ சொன்னதை எல்லோரும் கேட்டார்கள். அதுவும் தோற்றது.

மீனம்பாக்கம்

தம்பி கணக்கன், எல்பேக்கரை அம்மா, இருவரும் "யார் சேர்ந்து செய்தார்கள்" என்றே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். "யாருக்காகச் செய்தார்கள்" என்பதை விட்டுவிட்டீர்கள். விமானப் பராமரிப்பில் காலம் கழித்தவன் என்பதால் எனக்கு அந்தக் கேள்விதான் முதலில் வருகிறது.

ஏர்பஸின் முதல் விமானமான ஏ300 இந்தியன் ஏர்லைன்ஸுக்கு வந்தது 1976இல். அதற்குச் சில ஆண்டுகள் கழித்து நான் அந்த விமானத்தின் மேல் கை வைத்தேன். முதலில் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது அதன் சரக்கு அறை. எல்டி3 என்ற பெட்டி உங்களுக்குத் தெரிந்திருக்கும், 747 ஜம்போ ஜெட்டில் ஏற்றும் அலுமினியப் பெட்டி, ஒரு பக்கத்துக் கீழ்மூலை மட்டும் சாய்வாக வெட்டப்பட்டிருக்கும். ஏ300இன் வயிற்றில் அதை உருட்டிவிட்டால் சாய்ந்த மூலை விமானத்தின் வளைவோடு ஒட்டிப் போகும், நேரான பக்கங்கள் இரண்டும் நடுவில் தோளோடு தோள் நிற்கும். இடம் கொஞ்சமும் வீணாகாது. 747இல் வந்திறங்கிய பெட்டியைப் பிரிக்காமல் அப்படியே இதில் ஏற்றலாம். அந்த இரண்டு பெட்டிகளுக்கு இடம் கொடுப்பதற்காகவே உடற்பகுதியின் அகலத்தை 5.64 மீட்டர் என்று வைத்தார்கள். பாரிசில் இருந்த அமைச்சருக்கோ மேற்கு ஜெர்மனியின் தலைநகர் பானில் இருந்த அமைச்சருக்கோ அந்தப் பெட்டி என்னவென்று தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. சரக்கு ஏற்றுகிறவனின் கஷ்டம் தெரிந்த ஒருவர் வரைந்த விமானம் அது.

அந்த ஒருவர் ரோஜே பெத்தேய், பிரெஞ்சுக்காரர். 1967 செப்டம்பரில் பிரிட்டன், பிரான்ஸ், ஜெர்மனி மூன்றும் செய்துகொண்ட உடன்பாட்டில் விமானம் 300 இருக்கைகளோடு இருந்தது. அதற்கு ரோல்ஸ் ராய்ஸ் ஆர்பி207 என்ற புத்தம் புதிய எஞ்சின் செய்யவேண்டும். மூன்று நாட்டுத் தேசிய நிறுவனங்களும் 75 விமானங்கள் கேட்கவேண்டும் என்றும் நிபந்தனை. அந்த 75 வரவே இல்லை. ரோல்ஸ் ராய்ஸின் கவனமோ அமெரிக்க லாக்ஹீடுக்கான ஆர்பி211 மேல் போய்விட்டது. 1968 டிசம்பரில் விமானத்தை 250 இருக்கைகளாகக் குறைத்து வெளியிட்டார்கள். இப்போது புதிய எஞ்சின் தேவையில்லை, இருக்கிற எஞ்சினே போதும். கடைசியில் மாட்டியது ஜெனரல் எலக்ட்ரிக்கின் சிஎஃப்6. அமெரிக்க டிசி10 விமானம் வைத்திருந்தவர்களுக்கு ஏற்கெனவே பழகிய எஞ்சின்.

இன்னும் கேளுங்கள். பிரான்சில் தலைமையகம் வைத்துக்கொண்டு, வேலை மொழி ஆங்கிலம் என்று முடிவு செய்தவர் அதே பெத்தேய். மெட்ரிக் அளவுகள் வேண்டாம் என்றும் சொன்னார். விமான நிறுவனங்களின் ஹேங்கர்களில் அமெரிக்க விமானங்களுக்கான கருவிகள்தான் இருந்தன. ஒரு பிரெஞ்சுக்காரர் தன் மொழியையும், பிரான்ஸ் உலகத்துக்குக் கொடுத்த மீட்டரையும் ஒதுக்கிவைத்துவிட்டு எங்கள் பெட்டியில் கிடந்த ஸ்பேனருக்காக யோசித்தார். கான்கார்டில் 'இ' எழுத்துக்குச் சண்டை நடந்து சில ஆண்டுகள்கூட ஆகவில்லை அப்போது. நான் அந்த மனிதரைப் பார்த்ததில்லை. ஆனால் நள்ளிரவில் அந்த விமானத்தின் அடியில் படுத்து வேலை செய்த பல நாட்களில் நன்றியோடு நினைத்திருக்கிறேன்.

ட்ரைடென்ட் பிஇஏவுக்காக. விசி10 பிஓஏசிக்காக. மெர்க்யூர் ஏர் இன்டருக்காக. கான்கார்ட் இரண்டு அரசுகளின் கௌரவத்துக்காக. ஏ300 மட்டும் இன்னும் முகம் தெரியாத வாடிக்கையாளருக்காக.

யாழ்–பிரிஸ்டல்

மீனம்பாக்கம் ஐயா சொன்னதைப் படிக்கவே மகிழ்ச்சியாக இருக்கிறது. ஆனால் எல்லாப் புகழும் துலூஸுக்குப் போவதை நான் ஏற்கமாட்டேன். நான் இருக்கும் ஊரில் பழைய விமானத் தொழிலாளர்கள் இன்னும் இருக்கிறார்கள். 1969 பற்றி அவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் குரல் மாறிவிடும்.

அந்த ஆண்டு ஏப்ரலில் பிரித்தானிய அரசு ஏர்பஸ் திட்டத்திலிருந்து விலகியது. விற்காது என்று கணக்குப் போட்டார்கள், தங்கள் இயந்திரமும் அதில் இல்லை. மே 29 அன்று லெ பூர்ஜே விமானக் கண்காட்சியில் பிரான்சும் ஜேர்மனியும் மட்டும் கையெழுத்திட்டன. ஆனால் ஹாட்ஃபீல்டில் இருந்த ஹோக்கர் சிட்லி நிறுவனத்தார் விலகவில்லை. அரசின் காசு இல்லை என்றான பிறகு தங்கள் சொந்தப் பணம் 3.5 கோடி பவுண்டைப் போட்டு, இறக்கை செய்து தரும் வெறும் துணை ஒப்பந்தக்காரராகத் தொடர்ந்தார்கள். மீதித் தொகையைக் கொடுத்தது எது தெரியுமா? ஜேர்மன் அரசாங்கம். போர் முடிந்து 24 ஆண்டுகள். பிரித்தானியப் பொறியியலாளர் வரைந்த இறக்கைக்குப் பிரித்தானிய அரசு பணம் தர மறுத்தபோது ஜேர்மனி தந்தது. இதைக் கணக்கன் அண்ணா எந்தப் பங்குச் சண்டையில் சேர்ப்பார்?

அந்த இறக்கை சாதாரணமானது அல்ல. மேற்பரப்பு தட்டையாக, பின்விளிம்புப் பக்கம் அதிகச் சுமை தாங்கும்படி வளைத்திருந்தார்கள். ஒலியின் வேகத்தை நெருங்கும்போது எழும் இழுவையை அது தள்ளிப்போட்டது. அதனால் இறக்கையைத் தடிப்பாகவும் இலேசாகவும் செய்ய முடிந்தது. எரிபொருளுக்கும் அதிக இடம் கிடைத்தது. ப்ராட்டனில் கட்டிய இறக்கைப் பெட்டி ப்ரேமனுக்குப் போய் அசையும் பாகங்களை மாட்டிக்கொண்டு துலூஸ் போகும். 1972 அக்டோபர் 28 அன்று ஏ300 முதல்முறை பறந்தபோது அதைத் தாங்கியது அந்த இறக்கைதான்.

இப்படிச் சத்தமில்லாமல் கொடுத்து வாங்குவது முன்பும் நடந்தது. 1954இல் பிரித்தானியாவின் கொமெட் ஜெட் விமானங்கள் இரண்டு எல்பாத் தீவுக்கு அருகிலும் நேப்பிள்ஸுக்கு அருகிலும் கடலில் விழுந்தன. ஃபார்ன்பரோவில் ஒரு முழு விமானத்தின் உடலையே நீர்த்தொட்டிக்குள் வைத்துத் திரும்பத் திரும்ப அழுத்தம் கொடுத்து, உலோகச் சோர்வுதான் காரணம் என்று கண்டுபிடித்தார்கள். பிரித்தானியா அந்த அறிவை உலகத்தோடு பகிர்ந்துகொண்டது. அடுத்த ஆண்டு பறந்த பிரெஞ்சு கரவெல்லின் மூக்கும் விமானி அறையும் கொமெட்டினுடைய வடிவம்தான், உரிமம் வாங்கிச் செய்தார்கள். இயந்திரமோ ரோல்ஸ் ராய்ஸ் ஏவன். போட்டியாளனிடம் மூக்கையும் மூச்சையும் வாங்கி, எஞ்சின்களை வாலருகே நிறுத்திய முதல் பயணிகள் ஜெட்டைப் பிரான்ஸ் செய்தது. அமெரிக்காவின் யுனைடெட் நிறுவனமே 20 வாங்கியது.

கணக்கன்

ஹோக்கர் சிட்லி கதை எனக்கு மிகவும் பிடித்தது, ஜெர்மனி பணம் கொடுத்ததையும் மதிக்கிறேன். ஆனால் அதற்குப் பின் நடந்ததையும் சொல்லுங்கள் நண்பரே. 1978இல் பிரிட்டன் திரும்ப உள்ளே வரப் பேச்சு நடத்திக்கொண்டிருந்த அதே நேரத்தில் பிரிட்டிஷ் ஏர்வேஸ் போயிங் 757 வாங்கியது, ரோல்ஸ் ராய்ஸ் எஞ்சினோடு. இறக்கை விற்க ஐரோப்பா, எஞ்சின் விற்க அமெரிக்கா. பிரெஞ்சுக்காரர்கள் கொதித்தார்கள், அது நியாயம். 1979 ஜனவரியில் 20 சதவீதப் பங்கோடு பிரிட்டன் சேர்ந்தது. பிரான்சுக்கும் ஜெர்மனிக்கும் தலா 37.9. ஸ்பெயினுக்கு 4.2. தசமப் புள்ளி வரை பேரம் பேசிய கூட்டு.

யாழ்–பிரிஸ்டல்

அண்ணா, பாதியைத்தான் சொன்னீர்கள். 757இன் இறக்கையைச் செய்யும் வேலையைப் போயிங் பிரித்தானியாவுக்குக் கொடுக்க முன்வந்தது. அதை விட்டுவிட்டு, ஹோக்கர் சிட்லியும் சேர்ந்து உருவான பிரிட்டிஷ் ஏரோஸ்பேஸ் ஏர்பஸ் பக்கம் வந்தது. அமெரிக்கத் துணை ஒப்பந்தக்காரராக இருப்பதைவிட ஐரோப்பியப் பங்காளியாக இருப்பதே மேல் என்று முடிவெடுத்தவர்கள் அதே பிரித்தானியர்தான்.

நிலா_ஏரோ

வணக்கம். நான் விமானப் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஏர்பஸின் இரண்டடுக்கு விமானமான ஏ380 தாமதமானது ஒயர் நீளம் போதாததால் என்று வகுப்பில் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். அவ்வளவு பெரிய நிறுவனத்தில் ஒயரின் நீளம் எப்படித் தவறும்? இந்த இழைக்குத் தொடர்பு உண்டென்று நினைத்துக் கேட்கிறேன்.

கணக்கன்

இந்த இழைக்கு இதைவிடத் தொடர்புள்ள கேள்வி கிடையாது, நிலா.

ஒரு ஏ380இல் ஏறத்தாழ 530 கிலோமீட்டர் ஒயர் இருக்கிறது. சென்னையிலிருந்து மதுரையைத் தாண்டிப் போகும் நீளம். பொழுதுபோக்குத் திரை, விளக்கு, சமையலறை என்று ஒவ்வொரு விமான நிறுவனமும் வேறு வேறு கேட்பதால் ஒவ்வொரு விமானத்திலும் ஒயர்ப் பாதை மாறும். ஹாம்பர்க்கில் உடற்பகுதிக்குள் ஒயர்க் கட்டுகளை இட்டு துலூஸுக்கு அனுப்பவேண்டும். இரு ஊர்களும் பயன்படுத்தியது காட்டியா என்ற வரைவு மென்பொருள். ஆனால் ஹாம்பர்க்கில் நான்காம் பதிப்பு, துலூஸில் ஐந்தாம் பதிப்பு. ஒன்றில் வரைந்தது மற்றொன்றில் சரியாக விழவில்லை. ஒயர்க் கட்டு ஒரு மூலையில் திரும்பும்போது எவ்வளவு வளைவு எடுக்கும் என்பதில் தவறு நுழைந்தது. ஒரு திருப்பத்தில் சில சென்டிமீட்டர் பிசகினால் நூறு திருப்பத்துக்குப் பிறகு கனெக்டர் எட்டாது. எடை குறைக்கச் செம்புக்குப் பதில் பல இடங்களில் அலுமினிய ஒயர் போட்டிருந்தார்கள், அது வளைவதும் வேறு மாதிரி.

ஹாம்பர்க்கிலிருந்து தொழிலாளர்களைத் துலூஸுக்கு அனுப்பி, கட்டிய ஒயரைப் பிரித்துக் கையால் மறுபடி கட்டினார்கள். 2006 ஜூனில் தாமதத்தை அறிவித்தபோது ஏர்பஸின் தாய் நிறுவனமான ஈஏடிஎஸின் பங்கு விலை ஒரே நாளில் 26 சதவீதம் சரிந்தது. ஜூலைத் தொடக்கத்தில் ஈஏடிஎஸின் இணைத் தலைமை நிர்வாகி நோயல் ஃபோர்ஜாரும் ஏர்பஸின் தலைமை நிர்வாகி குஸ்தாவ் ஹம்பர்ட்டும் பதவி விலகினார்கள். ஒருவர் பிரெஞ்சுக்காரர், ஒருவர் ஜெர்மானியர். லாபத்தில் விழப்போகும் பள்ளம் 2010 வரை 480 கோடி யூரோ என்று நிறுவனமே மதிப்பிட்டது.

ஒரே மென்பொருள் வாங்க அவர்களிடம் காசில்லையா? ஹாம்பர்க் மாறவில்லை, மாறச்சொல்லி உத்தரவிட ஒருவரும் இல்லை. ஈஏடிஎஸுக்கு அப்போது தலைவர்கள் இரண்டு, தலைமை நிர்வாகிகள் இரண்டு, எல்லாமே பிரான்சுக்கு ஒன்று, ஜெர்மனிக்கு ஒன்று. நான் முதல் பதிவில் சொன்னது இதைத்தான். ஒவ்வொரு நாற்காலியையும் இரண்டாகப் பிளந்தார்கள், கடைசியில் ஒயரும் எட்டவில்லை.

எல்பேக்கரை

இந்த இழையில் நீங்கள் எழுதியதில் மிகச் சரியான பதிவு இதுதான், மறுக்கமாட்டேன். ஒன்றை மட்டும் சேர்க்கவேண்டும். அந்தக் கோடையில் பழி முழுவதும் ஹாம்பர்க் தொழிலாளர்கள் மேல் விழுந்தது. ஒயர் கட்டியவர்கள் வரைபடத்தில் இருந்தபடிதான் கட்டினார்கள். வீட்டை விட்டுப் பல மாதம் துலூஸில் தங்கி, பக்கத்தில் பிரெஞ்சுத் தொழிலாளி நிற்க, ஒரே விமானத்துக்குள் முழங்காலிட்டு அதைச் சரிசெய்தவர்களும் அவர்கள்தான். மேலே இரண்டு நாற்காலிகளில் இருந்தவர்களால் முடியாத ஒத்துழைப்பு கீழே அந்த இருண்ட உடற்பகுதிக்குள் நடந்தது. 2007இல் இரட்டைத் தலைமையை ஒழித்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில் முதல் ஏ380 சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் கைக்குப் போனது.

கூட்டு கெட்டதால் வந்த தோல்வி இது என்று நீங்கள் சொல்கிறீர்கள். கூட்டு முழுமையாகாததால் வந்தது என்று நான் சொல்கிறேன். 2001இல் ஒரே நிறுவனம் என்று பதிவு செய்துவிட்டு ஐந்து ஆண்டுகள் கழித்தும் இரண்டு பதிப்புகளில் வரைந்துகொண்டிருந்தார்கள்.

நிலா_ஏரோ

இருவருக்கும் நன்றி. வளைவைப் பற்றி யாரும் எனக்கு இப்படிச் சொல்லவில்லை.

மீனம்பாக்கம்

நிலா, உன் வகுப்பில் இதையும் சொல்லியிருக்கமாட்டார்கள். 1975 டிசம்பரிலிருந்து 1977 மே வரை ஏ300க்குப் புது ஆர்டர் ஒன்றுகூட வரவில்லை. துலூஸில் கட்டி முடித்த விமானங்கள் எந்த நிறுவனத்தின் சின்னமும் இல்லாத வெள்ளை வாலோடு வரிசையில் நின்றன. ஆலையை மூடிவிடலாம் என்ற பேச்சு வந்தது. அப்போது அமெரிக்காவின் ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் தலைவர் ஃபிராங்க் போர்மன் நான்கு விமானங்களை ஆறு மாதம் ஓட்டிப் பார்க்க வாங்கிக்கொண்டார். வாடகை இல்லை. 1968இல் அப்பல்லோ 8இல் நிலவைச் சுற்றி வந்த அதே போர்மன். எரிபொருள் மிச்சமாவதைப் பார்த்து 1978இல் 23 விமானங்கள் கேட்டார். ஐரோப்பிய விமானத்தை நிமிர்த்தி நிறுத்திய கை அமெரிக்கக் கை.

தேசியக் கொடியை வைத்துப் பார்த்தால் இது விளங்காது. எரிபொருள் விலையை வைத்துப் பார்த்தால் உடனே விளங்கும்.

யாழ்–பிரிஸ்டல்

அந்த விற்பனைக்குப் பின்னால் அரசுக் கடன் இருந்ததையும் அமெரிக்கர்கள் மறக்கவில்லை ஐயா. 2004இல் உலக வர்த்தக அமைப்புக்குப் போனார்கள். ஐரோப்பா போயிங்குக்குக் கிடைக்கும் சலுகைகளைக் காட்டி எதிர்வழக்குப் போட்டது. இரு தரப்பும் தவறு செய்ததாகத் தீர்ப்பு. 2019இல் அமெரிக்கா 750 கோடி டொலர் பெறுமதியான ஐரோப்பியப் பொருட்கள் மீது வரி போட அனுமதி பெற்றது. மறு ஆண்டு ஐரோப்பாவுக்கு ஏறத்தாழ 400 கோடிக்கு. 2021 ஜூனில் ஐந்தாண்டுச் சமாதானம். வரி செலுத்துபவர் பற்றி கணக்கன் அண்ணா கேட்டது சரியான கேள்விதான், ஆனால் அது போயிங்கின் ஊரான சியாட்டிலுக்கும் பொருந்தும்.

கணக்கன்

பொருந்தும், மறுக்கவில்லை. ஏ300 விஷயத்திலும் நான் இறங்கி வருகிறேன். பெத்தேய் செய்தது அரசுகளின் பெருமையை மீறிச் செய்த வேலை. அந்த அளவுக்கு என் முதல் பதிவு குறையுள்ளதுதான்.

ஆனால் ஐயா, உங்கள் அளவுகோலை உங்களிடமே திருப்பித் தருகிறேன். "யாருக்காகச் செய்தார்கள்" என்று கேட்கச் சொன்னீர்கள். ஏ380ஐ யாருக்காகச் செய்தார்கள்? ப்ராட்டனிலிருந்து அந்த இறக்கையை டீ ஆற்றில் தெப்பத்தில் ஏற்றி, கடல் கடந்து, பிரான்சில் மறுபடி ஆற்றில் கொண்டுபோய், பிறகு அகலப்படுத்திய சாலைகளில் இரவில் துலூஸ் வரை இழுத்தார்கள். நாடுகளின் பங்கு மாறக் கூடாது என்பதற்காகத்தானே? வாடிக்கையாளர் இதில் எங்கே?

மீனம்பாக்கம்

நேர்மையான கேள்வி தம்பி. இரண்டு நாள் யோசித்துவிட்டு எழுதுகிறேன்.

வாடிக்கையாளர்களுக்குப் போனவை மொத்தம் 251. அதில் எமிரேட்ஸ் ஒரே நிறுவனம் வாங்கியவை 123. ஏறக்குறைய பாதி. 2019 பிப்ரவரியில் எமிரேட்ஸ் 39 விமானங்களை வேண்டாம் என்றதும் அன்றே உற்பத்தியை நிறுத்தும் அறிவிப்பு வந்தது. 2021 டிசம்பரில் கடைசி விமானம் போனது. ட்ரைடென்டுக்கு ஒரு பிஇஏ, மெர்க்யூருக்கு ஒரு ஏர் இன்டர் என்று நான் எழுதியபோது இந்தக் கணக்கு என் நினைவுக்கு வரவில்லை. வந்திருக்கவேண்டும். பயணிகளுக்கு அதைவிட வசதியான விமானம் நான் பார்த்ததில்லை, அதில் ஏறி இறங்கிய எவரும் அதைச் சொல்வார்கள். ஆனால் என் அளவுகோலில் அது தேறவில்லை. போயிங் 747ஐ மிஞ்சவேண்டும் என்ற வேகம் பெட்டியின் அளவைப் பார்த்த கண்ணை மறைத்துவிட்டது.

எல்பேக்கரை

ஐயாவின் பதிவுக்குப் பிறகு ஒரு செய்தி மட்டும். 1980களின் இறுதியில் ஏ321 திட்டம் வந்தபோது அதை முழுதாகப் பொருத்தும் கூடம் எங்கள் ஹாம்பர்க்குக்கே வேண்டும் என்று ஜெர்மனி பிடிவாதம் பிடித்து வாங்கியது. அதுவரை எல்லா ஏர்பஸ் விமானங்களும் துலூஸில்தான் முழு உருவம் பெற்றன. பிரான்சுக்கு அது கசந்தது. 1993 மார்ச் 11 அன்று முதல் ஏ321 ஹாம்பர்க்கிலிருந்து எழும்பியது. முப்பது ஆண்டுகள் ஐரோப்பாவில் அந்த விமானம் இந்த ஊரில் மட்டுமே முழுமை பெற்றது.

ஏ380 நின்ற பிறகு துலூஸில் அந்த மாபெரும் கூடம் காலியானது. 2023இல் அதற்குள் புதிய வரிசை தொடங்கினார்கள். அங்கே இப்போது பொருத்துவது ஏ321தான். பின் உடற்பகுதி ஹாம்பர்க்கிலிருந்து போகிறது, நேற்று மாலைகூட ஒரு பெலூகா ஆற்றைத் தாண்டித் தெற்கே ஏறிப் போனது.